கேடயங்களுக்கு நடுவே ஒரு விஞ்ஞானி

நம் நண்பர் ஒருவர் விஞ்ஞான ஆசிரியர். தாம் படிப்பிக்கும் பாடசாலையின் ஆய்வுகூடச் சுவரில், பழைய செப்புத்தகட்டுச் சித்திரமொன்றின் பிரதியைச் சட்டமிட்டு மாட்டி வைத்திருக்கிறார். தைக்கோ பிராகே என்னும் டேனிய வானியலறிஞரின் உருவம் அது. தொலைநோக்கி தோன்றுவதற்கு முன், வெறுங்கண்ணால் வானை அளந்தோருள் தலையாயவர் அவர். ஒருநாள் மாணவன் ஒருவன் அச்சித்திரத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சேர், சுற்றிவர இருக்கிறதெல்லாம் இவர் வென்ற கேடயங்களா?" என்று கேட்டானாம். நண்பர் சிரித்துக்கொண்டே இதை நமக்குச் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாணவன் கேட்டது நியாயமான கேள்வி. விளையாட்டுப் போட்டியில் ஓடி வென்றவனுக்குக் கேடயம் கொடுக்கும் வழக்கத்தையே அவன் கண்டிருக்கிறான். ஒரு மனிதனைச் சுற்றி விருதுகள் பொறிக்கப்பட்டிருந்தால், அவை அம்மனிதன் செய்த காரியங்களின் அடையாளமாகவே இருத்தல் வேண்டும் என்பது அவனது எண்ணம். அந்த எளிய எண்ணத்தின் முன் இச்சித்திரத்தை நிறுத்திப் பார்க்கவே இங்கு முற்படுகிறோம்.

சித்திரத்தைச் செதுக்கியவர் இரண்டாம் ஜாக்கப் டி ஹெய்ன். 1565இல் அன்ட்வேர்ப் நகரிற் பிறந்து, ஹார்லெம் நகரில் கோல்ட்சியஸ் என்னும் பெருங்கலைஞரிடம் தொழில் பயின்றவர். 1590ஆம் ஆண்டளவில் இச்சித்திரம் ஆம்ஸ்டர்டாமிற் செப்பில் ஏறியது. ஆயினும் அதிலுள்ள இலத்தீன் வாசகம் 1586ஆம் ஆண்டையும், தைக்கோவின் 40ஆம் வயதையுமே குறிக்கின்றது. சிறு வேறுபாடுகளுடன் இதே உருவத்துக்கு இரு தகடுகள் உள. கல்லாலான வளைவொன்றின் கீழே, மேலுடல் மட்டும் தெரியும்படி நிற்கிறார் தைக்கோ. தலையிலே தொப்பி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாய் விரிந்த வெண்பட்டி, மார்பிலே பதக்கம் தொங்கும் சங்கிலி, உதட்டின் இருபுறமும் நீண்டு தாழ்ந்த மீசை. வளைவை ஒட்டி வரிசை வரிசையாகக் குலச்சின்னங்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் அக்குலத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இவை தைக்கோவின் தந்தைவழி, தாய்வழி முன்னோரின் குலங்கள். அவர் எதையும் வென்று இவற்றைப் பெறவில்லை. பிறந்தார்; அவ்வளவே.

வாசகத்தின் ஒழுங்கையும் கவனித்தல் வேண்டும். முதலில் அவர் ஒட்டேயின் மகன், டேனியர், நூட்ஸ்டொர்ப் பண்ணையின் பிரபு. அடுத்து, வேன் தீவில் யுரானிபோர்க் மாளிகையை நிறுவியவர். அதற்குப் பின்னரே, அங்குள்ள வானியற் கருவிகளைப் புனைந்தவர், கட்டியவர் என்று வருகிறது. சித்திரத்திலோ அந்தக் கடைசிச் செய்திக்கு இடமே இல்லை. கருவி ஒன்றில்லை, கோளம் ஒன்றில்லை, விண்மீன் ஒன்றுகூட இல்லை. எழுத்தறியாத ஒருவரிடம் இப்படத்தைக் காட்டினால், இவர் ஒரு படைத்தலைவர் என்றோ பெரிய நிலப்பிரபு என்றோ சொல்வாரேயன்றி, இரவெல்லாம் குளிரில் விழித்திருந்து செவ்வாயின் இடத்தைக் குறித்தவர் என்று சொல்லமாட்டார்.

இச்சித்திரம் எதற்காகச் செய்யப்பட்டது என்பதற்குத் தைக்கோவின் கடிதமொன்றே சாட்சி. 1590இல் தோமஸ் சவில் என்னும் ஆங்கிலேய அறிஞருக்கு எழுதியபோது, ஆம்ஸ்டர்டாமிற் செப்பில் வெட்டப்பட்ட தமது உருவப்படத்தின் நான்கு பிரதிகளை உடன் அனுப்பினார். ஜோன் டீ, தோமஸ் டிக்ஸ் ஆகியோருக்கு வணக்கம் சொன்னார். அங்குள்ள நல்ல கவிஞர்கள் யாரேனும் தம்மைப் பாராட்டிச் சுருக்கமான பாடல் புனைந்தால் மகிழ்ச்சி என்பதையும் சொல்லிவைத்தார். மன்னரைப் பாடிப் பொற்கிழி பெற்ற புலவர்களை நாம் அறிவோம். பாட்டுக் கேட்டுத் தம் படத்தைக் கடல் கடந்து அனுப்பிய பிரபு இவர்.

குலச்சின்னங்களிடையே ரோசன்கிரான்ஸ், கில்டன்ஸ்டேர்ன் என்னும் இரு பெயர்கள் உள. ஷேக்ஸ்பியரின் 'ஹம்லெற்' நாடகத்தைப் படித்தோர் துள்ளி எழுவர். இப்படத்தின் பிரதியைக் கண்டே ஷேக்ஸ்பியர் அப்பெயர்களை எடுத்தார் என்று சொல்வோரும் உளர். இதை ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்வதே நேர்மை. அவ்விரு குலங்களும் டென்மார்க்கின் பிரபுக்களிடையே பரந்தவை. அப்பெயர்களைக் கொண்ட இருவர் 1592இல் இங்கிலாந்துக்குச் சென்றுமிருக்கின்றனர். நாடகத்தில் அவ்விருவரும் அரசனின் கையாட்களாய், ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்தறிய முடியாதவர்களாய் வருகின்றனர் என்பது மட்டும் நமக்குச் சுவையாக இருக்கின்றது.

இனி, சித்திரத்தைக் குறை கூறுவதற்கு முன் அதைச் செய்த கைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். செப்புத்தகட்டிற் செதுக்குவது எளிய தொழிலன்று. மெருகேற்றிய தகட்டின் மீது கூரிய உருக்குளியை உள்ளங்கையால் தள்ளிக் கோடு கோடாக உழுதல் வேண்டும். தடிப்பான கோட்டுக்கு ஆழமாக உழவேண்டும். மெல்லிய கோட்டுக்கு மேலாக. தவறிய கோட்டை அழிப்பது பெரும்பாடு. அச்சில் இடம் வலமாக மாறுமாதலால் எழுத்தையெல்லாம் தலைகீழ்ப் பக்கமாகவே வெட்டவேண்டும். பின்னர் மையைச் சால்களில் அப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து, உருளைகளுக்கிடையே அழுத்தி எடுப்பர். சாம்பல் நிறம் என்று நாம் காண்பது உண்மையில் கறுப்புக் கோடுகளும் வெண்காகிதமுமே. அந்தக் கோடுகளின் நெருக்கத்தாலும் வளைவாலும் டி ஹெய்ன் ஒரு முகத்தை உயிர்ப்பித்திருக்கிறார். கண்களிலே கர்வம் உண்டு; ஆனால் நித்திரையற்ற களைப்பும் உண்டு.

இன்னொன்றையும் அவர் விட்டுவிடவில்லை. மூக்கின் மேற்பகுதியைக் கூர்ந்து நோக்கினால் ஒரு கோடு தெரியும். 1566இல், 20 வயதில், ரொஸ்டொக் நகரில் இன்னொரு டேனியப் பிரபு மகனுடன் வாட்போர் புரிந்து தைக்கோ மூக்கின் ஒரு பகுதியை இழந்தார். வாழ்நாள் முழுதும் உலோகத் துண்டொன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். அது பொன்னும் வெள்ளியும் கலந்தது என்று நானூறு ஆண்டுகளாகச் சொல்லி வந்தனர். 2010இல் பிராக் நகரிலுள்ள அவரது கல்லறை திறக்கப்பட்டது. மூக்கெலும்பிற் படிந்திருந்த சுவடுகளை ஆராய்ந்தோர், அது பித்தளை என்று 2012இல் அறிவித்தனர். பிரபுவுக்குப் பொன் மூக்குத்தான் தகும் என்று நம்பியது ஊர் வாய். உண்மையிலோ தமது பட்டறையிற் கருவிகள் செய்த அதே உலோகத்தைத்தான் அவர் முகத்திலும் அணிந்திருந்தார். சட்டகம் எவ்வளவுதான் பொய்மிடுக்குக் காட்டினாலும், முகத்தில் அந்தக் கோட்டை மறைக்காது விட்ட கலைஞனின் கை உண்மையின் பக்கம் நின்றது.

அப்படியாயின் இந்தக் கேடயங்கள் ஏன்? வெறும் குலச்செருக்கு என்று முடித்துவிடுவது சுலபம். விடயம் அவ்வளவு சுலபமாயில்லை.

தைக்கோ பிறந்த வர்க்கத்துக்குப் போரும் வேட்டையும் அரசவையும் பண்ணையுமே தொழில். புத்தகம் எழுதுவது குருமாருக்கும் பேராசிரியர்க்கும் உரியது. கையால் வேலை செய்வது அதனிலும் இழிந்தது. 1572 நவம்பரில் கசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் முன்னர் இல்லாத ஒரு மீன் ஒளிர்ந்ததைக் கண்டு, அது சந்திரனுக்கு அப்பாற்பட்டது, ஆகவே மாறாதது என்று அரிஸ்டோட்டில் மரபினர் சொன்ன வானம் மாறுகிறது என்று நிறுவினாரே, அந்த ஆராய்ச்சியை 1573இல் நூலாக வெளியிடவே அவர் தயங்கினார். காரணம், பிரபு ஒருவர் நூல் அச்சிடுவது தகுதிக்குக் குறைவு என்ற எண்ணம். நண்பர்களும், அரசின் உயர்பதவி வகித்த பீடர் ஒக்சேயும் தூண்டியபின்னரே அது வெளிவந்தது. உலகத்தின் அமைப்பையே அசைக்கும் செய்தி கையில் இருக்க, சொந்தக்காரர் என்ன சொல்வர் என்று அஞ்சிய மனிதர்!

ஆகவே அந்தக் கேடயங்கள் நம்மை நோக்கிப் பேசுவன அல்ல. அவரது மாமன் மைத்துனரை நோக்கியே அவை பேசுகின்றன. கருவி செய்பவனோடும் கணக்கெழுதுபவனோடும் இரவுகளைக் கழித்தாலும் நான் உங்களவனே என்று சொல்லும் வாக்குமூலம் அது. தம் வர்க்கத்தின் வாழ்க்கையைக் கைவிட்ட ஒருவர் அதன் சின்னங்களை மட்டும் இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார். இந்த முரண்பாட்டைத்தான் சித்திரம் தன்னை அறியாமலே பதிவு செய்திருக்கிறது. அதனாலேயே இதை நாம் நல்ல சித்திரம் என்கிறோம்.

முரண்பாடு வீட்டுக்குள்ளும் இருந்தது. தைக்கோவின் மனைவி கேர்ஸ்டன் குலத்தாற் பிரபுவல்லர். திருக்கோயிலிற் பிரபுக்களுக்குரிய முறையில் அவர்கள் மணம் நிகழவில்லை. மூன்று மாரிக்காலம் ஒரு பெண் ஒருவனுடைய வீட்டிற் பகிரங்கமாக வாழ்ந்து, திறப்புக் கோவையை வைத்திருந்து, அவனோடு உண்டு உறங்கினால் அவள் மனைவியே என்று பழைய டேனியச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் அத்தகைய தாயின் பிள்ளைகள் பிரபுக்கள் ஆகார். தந்தையின் குலச்சின்னத்தையோ பண்ணையையோ அவர்கள் பெறுதற்கில்லை. இப்போது சித்திரத்தை மறுபடியும் பாருங்கள். முன்னோரின் கேடயங்கள் அத்தனையும் அவரைச் சூழ்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைத்தானும் அவர் தம் சொந்தப் பிள்ளை ஒருவருக்குக் கொடுக்க முடியாது. அந்த வளைவு பின்னோக்கி மட்டுமே திறந்திருக்கிறது. கேர்ஸ்டனுக்கு அந்தச் சட்டகத்தில் ஒரு மூலைகூட இல்லை.

இங்கே அவருடைய தங்கை சோபி பிராகேயையும் நினைவுகூர்தல் தகும். 1573 டிசம்பரில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தை அவதானிக்கும்போது அண்ணனுக்குத் துணைநின்றவர். அவ்வேளை அவர் பதின்ம வயதினர். இரசாயனமும் தோட்டக்கலையும் வல்லவர். அவர் தமது முதுமையில் விட்டுச்சென்ற பெரிய கையெழுத்து நூல் எது தெரியுமா? டேனியப் பிரபு குலங்களின் வமிசாவளி! விண்மீன்களைப் பார்க்கத் தெரிந்த கண்களும் கடைசியில் அந்தக் கேடயங்களையே எண்ணிக்கொண்டிருக்க நேர்ந்தது. இதற்குச் சோபியை நோவது வீண்.

வேன் தீவுக்கு வருவோம். டென்மார்க்குக்கும் இன்றைய சுவீடனுக்கும் இடையிலுள்ள நீரிணையில், சுமார் 7.5 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மேட்டு நிலம் அது. தைக்கோ வேறு நாட்டிற் குடியேற எண்ணியிருந்ததை அறிந்த மன்னர் இரண்டாம் பிரெடெரிக், 1576இல் அத்தீவை அவருக்கு வாழ்நாள் மானியமாக வழங்கினார். வேறு வருவாய்களும் சேர்ந்தன. அரசின் வருமானத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு இந்த வானாராய்ச்சிக்குச் சென்றது என்று மதிப்பிடுவர். 1576 ஆகஸ்டில் யுரானிபோர்க் மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர், காற்றின் அசைவு கருவிகளைத் தாக்காதிருக்கும் பொருட்டு நிலத்துக்குக் கீழே அறைகள் தோண்டி, நட்சத்திரக் கோட்டை என்ற இரண்டாவது நிலையத்தையும் கட்டினார். அச்சுக்கூடம் வந்தது, மீன் குளங்கள் வந்தன, அணை கட்டிக் காகித ஆலை வந்தது. தாம் கண்டதைத் தாமே அச்சிட்டு, அதற்குரிய காகிதத்தையும் தாமே செய்துகொள்ளும் ஏற்பாடு ஐரோப்பாவில் வேறெங்கும் காண அரிது.

மண்ணைச் சுமந்தது யார்? தீவில் சுமார் 40 கமங்கள் இருந்தன. அதுவரை அங்கே பிரபு எவரும் குடியிருந்ததில்லை. கமக்காரர் தம் நிலத்தைத் தாமே உழுது, அரசுக்கு இறுத்ததை இறுத்து வாழ்ந்தவர்கள். தைக்கோ வந்தபின் ஒவ்வொரு கமமும் வாரத்தில் இரண்டு நாள், சூரியன் உதித்து மறையும்வரை, கூலியின்றி ஊழியம் செய்தல் வேண்டும் என்றாயிற்று. அவர்கள் முறையிட்டனர். சிலர் தீவைவிட்டே ஓட முயன்றனர். தீவை விட்டு வெளியேறலாகாது என்று அரச ஆணை பிறந்தது. 1581இல் ஊழிய முறை எழுத்தில் விதிக்கப்பட்டது. மாளிகை வளாகத்தில் ஒரு சிறையும் இருந்தது. வானத்தில் மாறாதது ஒன்றுமில்லை என்று கண்டவரின் நிலத்தில் கமக்காரனுக்கு மட்டும் அசைய உரிமையில்லை.

1597இல், புதிய மன்னர் நான்காம் கிறிஸ்தியன் காலத்தில், குடிகளின் முறைப்பாடுகளை விசாரிக்க இருவர் தீவுக்கு அனுப்பப்பட்டனர். இதைக் கண்டு அரசவை கமக்காரர்மீது இரக்கம் கொண்டுவிட்டது என்று நாம் மயங்கவேண்டியதில்லை. தைக்கோவின் செல்வாக்கை வெறுத்த பிரபுக்கள் அப்போது அவையில் மேலோங்கியிருந்தனர். கமக்காரனின் கண்ணீர் அவர்களுக்கு வாய்ப்பான ஆயுதமாயிற்று. எப்படியாயினும் அவ்வாண்டே தைக்கோ தீவைவிட்டு நீங்கினார். 1599இல் பிராக் சென்று பேரரசரின் ஆதரவைப் பெற்று, 1601 அக்டோபரில் அங்கே இறந்தார். அவர் போனபின் யுரானிபோர்க்கின் செங்கற்கள் பிடுங்கப்பட்டு வேறு கட்டடங்களுக்குப் போயின. 1671இல் பிரான்சிலிருந்து பிக்கார்ட் என்னும் வானியலறிஞர் அவ்விடத்தின் நிலைகாணச் சென்றபோது தோண்டித்தான் அத்திவாரத்தைக் காண வேண்டியிருந்தது.

கமக்காரர் ஒருபுறமிருக்க, கைவினைஞர் மறுபுறம். இங்கேதான் டி ஹெய்னின் சித்திரம் நம்மை மிகவும் சிந்திக்கவைக்கிறது. தைக்கோவின் பெருமை எதிலே தங்கியிருக்கிறது? அவருக்கு முந்திய அளவீடுகள் பத்துக் கலையளவு பிழைபட்டிருந்தன என்றால், அவருடையவை ஏறத்தாழ ஒரு கலைக்குள் அடங்கின. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கே கலை. வெறுங்கண்ணால் இந்த நுட்பத்தை எய்தியது எவ்வாறு? பெரிய வில்வளைவுகளைப் பித்தளையிற் செய்து, அவற்றின் விளிம்பிற் பாகைகளைப் பிரித்து, பாகைகளுக்கிடையே குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்த புள்ளி வரிசைகளைப் பதித்து, அவற்றின் உதவியால் கலையின் பகுதிகளையும் வாசிக்கும்படி செய்தமையால். அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் உலோகத்திற் பதித்தது கூரிய உளி. செப்பிலே தைக்கோவின் முகத்தை வெட்டிய அதே வகை உளி! சுமார் ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள பெருங்கோளமொன்றைப் பித்தளைத் தகட்டால் மூடி, 1595 அளவில் ஆயிரம் விண்மீன்களின் இடத்தை அதிலே பதித்து முடித்தனர். அவருடைய வானமே ஒரு செதுக்குச் சித்திரந்தான்.

அந்தப் பட்டறையில் வேலை செய்தவருள் ஹான்ஸ் குரோல் என்னும் ஜேர்மானியப் பொற்கொல்லர் ஒருவர், 1591இல் இறந்தார். சித்திரத்தின் இலத்தீன் வாசகமோ கருவிகளைப் 'புனைந்தவர்' என்பதோடு நிற்கவில்லை. 'கட்டியவர்' என்ற சொல்லையும் தைக்கோவுக்கே சூட்டுகிறது. புனைந்தவர் அவரே என்பதை நாம் மறுக்கவில்லை. கருவி ஒவ்வொன்றும் எங்கே வளையும், எங்கே பிழைக்கும் என்று ஓயாது சோதித்துத் திருத்திய பெருமூளை அவருடையது. ஆனால் கட்டியவர்? அந்த ஒரு சொல்லில் ஒரு பட்டறையே விழுங்கப்பட்டுவிட்டது. அதனினும் விந்தை, அச்சொல்லைத் தகட்டில் வெட்டியவனும் ஒரு பட்டறைக்காரன். பிற்காலத்தில் டி ஹெய்ன் வரைந்து 1607இல் வெளியான ஆயுதப் பயிற்சி நூலில், துவக்கும் ஈட்டியும் ஏந்திய சாதாரணப் படைவீரர் நூற்றுக்கு மேற்பட்ட நிலைகளில் வருகின்றனர். அவர்களில் ஒருவனுக்கும் குலச்சின்னம் இல்லை, பெயருமில்லை. ஆனால் ஒவ்வொருவனும் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறான். அவனுடைய கைகளைக் கலைஞன் எவ்வளவு ஆசையோடு பார்த்திருக்கிறான்!

தைக்கோவே இன்னொரு சித்திரத்தை நமக்கு விட்டுச்சென்றிருக்கிறார் என்பதைச் சொல்லாவிடில் அநியாயமாகும். யுரானிபோர்க் மாளிகையின் சுவரொன்றில் சுமார் இரண்டு மீற்றர் ஆரையுள்ள பித்தளைக் கால்வட்டம் பொருத்தப்பட்டிருந்தது. அதன் நடுவே வெறுமையாயிருந்த சுவரில் 1587இல் ஓர் ஓவியம் தீட்டுவித்தார். உருவத்தை வரைந்தவர் கெம்பெர்லே. கட்டடத்தை வரைந்தவர் ஸ்டீன்விங்கல். மேலே நிலக்காட்சியை வரைந்தவர் நீபர். சுவர் அழிந்துவிட்டது. எனினும் 1598இல் வெளியான கருவிகள் பற்றிய அவரது நூலில் அதன் அச்சுப்படம் வாழ்கிறது. இங்கும் தைக்கோவே நடுவில், பெரியவராய், கையை நீட்டி அமர்ந்திருக்கிறார். காலடியில் நாய் படுத்திருக்கிறது. ஆனால் அவருக்குப் பின்னே மாளிகையின் தளங்கள் திறந்து காட்டப்பட்டிருக்கின்றன. மேலே வான் நோக்குவோர்; நடுவே நூலகத்திற் பணியாற்றுவோர்; அடித்தளத்தில் உலைகளோடு இரசாயன வேலை செய்வோர். எல்லாவற்றிற்கும் முன்னால், கால்வட்டத்தின் அருகே மூவர்: ஒருவன் விண்மீனைக் குறிபார்க்கிறான், ஒருவன் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்கிறான், ஒருவன் மேசையில் எழுதுகிறான். வானியல் என்பது ஒரு தனி மனிதனின் ஞானதிருஷ்டியன்று, பலர் கூடிச் செய்யும் வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் அந்த நூற்றாண்டில் வேறு உண்டா என்பது ஐயமே. பட்டறையைச் சித்திரத்துக்குள் விட்டவுடன், கேடயங்கள் நிற்க இடமில்லாமற் போயின.

ஒரே மனிதர்; சில ஆண்டு இடைவெளியில் இரு சித்திரங்கள். ஒன்று நண்பருக்கும் பிரபுக்களுக்கும் அனுப்பப்பட்டது. மற்றது கருவியை விளக்குவதற்காகச் செய்யப்பட்டது. நம் பாடநூல்களும் சுவர்களும் பெரும்பாலும் எதைத் தேர்ந்துகொள்கின்றன? முகத்தையே. 'விஞ்ஞானி' என்றால் ஒரு முகம், ஒரு பெயர், ஒரு கண்டுபிடிப்பு என்று மூன்று வரியிற் படிப்பிக்கிறோம். பரீட்சையில் அதையே கேட்கிறோம். தோட்டக்காரனின் மகளும் மீன்பிடிப்பவனின் மகனும் அந்த முகத்தைப் பார்த்து, இது நம் குலத்தொழிலன்று என்று ஒதுங்குவதற்கு நாமே வழிசெய்கிறோம்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு தவறு காத்திருக்கிறது. அது நம் அணியினரிடமே காணப்படுவதால் சற்று அழுத்திச் சொல்கிறோம். தைக்கோ ஊழியம் வாங்கிய பிரபு. ஆகவே அவரது விஞ்ஞானமும் பிரபுத்துவ விஞ்ஞானம். அதிலே நமக்கென்ன என்று சிலர் பேசுகின்றனர். இது கொச்சையான சிந்தனை. செவ்வாய்க் கிரகம் எங்கே நிற்கிறது என்பது பார்ப்பவனின் குலத்தைப் பொறுத்ததன்று. தைக்கோவின் ஏடுகளை வைத்துக் கணக்கிட்ட கெப்ளர், செவ்வாயின் பாதையை வட்டங்களாற் பொருத்தியபோது எட்டுக் கலை வேறுபாடு எஞ்சியது. முந்திய காலத்தவராயின் அதைப் பிழையென்று தள்ளியிருப்பர். தைக்கோவின் அளவீடு அவ்வளவு பிழைபடாது என்று கெப்ளர் நம்பினார். இரண்டாயிரம் ஆண்டு வட்டத்தைக் கைவிட்டார். 1609இல் நீள்வட்டத்தை உலகுக்குத் தந்தார். அந்த எட்டுக் கலைக்குள் குரோலின் உளியும் இருக்கிறது. எழுதுபவனின் விழிப்பும் இருக்கிறது. மண் சுமந்த கமக்காரனின் இரண்டு நாளும் இருக்கின்றன. அதனைத் தூக்கியெறிவது அவர்களுடைய உழைப்பையே இரண்டாம் முறை பறிப்பதாகும்.

அதற்காக, கிடைத்த பலனை நோக்கினால் அந்த ஊழியம் தகும் என்று சமாதானம் சொல்லவும் நாம் ஆயத்தமில்லை. ஊழியம் செய்தவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்களுடைய கணக்கை அவர்கள் சார்பில் நாம் தீர்த்துவிட முடியாது.

கெப்ளர் இந்தக் கடனை உணர்ந்திருந்தார் என்றே நமக்குப் படுகிறது. கூலிப்படை வீரனொருவனின் மகன் அவர். சம்பளம் ஒழுங்காய்க் கிடைத்ததில்லை. தைக்கோவின் அளவீடுகளைக்கொண்டு அவர் கணித்த வானியல் அட்டவணை 1627இல் ஊல்ம் நகரில் அச்சாகியது. அதன் முகப்புச் சித்திரம் கெப்ளரின் திட்டப்படி செதுக்கப்பட்டது. வானியலுக்கு ஒரு கோயில். தூண்களில் கருவிகள் தொங்குகின்றன. உள்ளே கொப்பர்னிக்கஸ் அமர்ந்திருக்க, தைக்கோ நின்று கூரையைச் சுட்டிக்காட்டுகிறார். உச்சியிற் பேரரசின் கழுகு வாயிலிருந்து காசு உதிர்க்கிறது. அக்காசில் ஒன்றிரண்டுதான் கீழே எட்டுகின்றன. எங்கே எட்டுகின்றன என்று பார்க்கவேண்டும்: அடித்தளத்துச் சிறு சதுரமொன்றில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கெப்ளர் தனியே இருந்து கணக்குப் பார்க்கிறார். பக்கத்தில் வேன் தீவின் வரைபடம். இன்னொரு சதுரத்தில் அச்சுயந்திரத்தில் வேலை செய்யும் தொழிலாளர்! நாமறிந்த அளவில், பெரும் விஞ்ஞான நூலொன்றின் முகப்பில், அந்நூலை அச்சிட்ட கைகளுக்குக் கோயிலின் அடித்தளத்திலேனும் இடம் கொடுத்தவர் அவரைப்போல் அதிகம் பேரில்லை.

இவ்வளவையும் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர், "அப்படியானால் படத்தைக் கழற்றிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அழகான சித்திரம், அதன் பொய்யும் மெய்யும் இரண்டும் பாடத்துக்கு உதவும். பக்கத்திலே கால்வட்டச் சித்திரத்தையும் மாட்டும்படி சொன்னோம். மாட்டியிருக்கிறார். அதே மாணவன் இம்முறை கேட்ட கேள்வி, "எழுதிக்கொண்டிருக்கிறவர் ஆர், சேர்?" சித்திரத்தில் அவனுக்குப் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆகவே நண்பர், அப்படத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1589இல், அதே மேசைக்கு வந்து சேர்ந்த இன்னொருவனின் கதையைச் சொல்லத் தொடங்கினாராம்: ஜட்லாந்தில் வறிய கமக்காரனின் மகனாய்ப் பிறந்து, வயல் வேலைக்கிடையே படித்து, ஊர்ப்பெயரையே இலத்தீனாக்கி லொங்கோமொன்டானஸ் என்று சூடிக்கொண்டு, எட்டு ஆண்டுகள் தைக்கோவின் கீழ் வான் பார்த்து, பின்னர் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியனானவன் கதை. பாதியில் மணி அடித்துவிட்டது. மீதியைத் திங்கட்கிழமை சொல்வதாக இருக்கிறார்.